கேட்பாரற்றுக் கிடந்த பையும், 112-க்குப் போகாத போனும்

திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டுக்குள்ளே பழக்கடை போட்டிருக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்விக்கு இது பதில். அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். நாகர்கோவில் பஸ் நிற்கிற பக்கம், பெஞ்சுக்கு அடியில், கறுப்பு டிராவல் பை ஒன்று காலை ஆறு மணியிலிருந்து கிடந்திருக்கிறது. ஒன்பது மணி வரைக்கும் யாரும் வந்து எடுக்கவில்லை. ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள், ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், ஒருவரும் போலீசுக்குப் போன் போடவில்லை. கடைசியில் ஒரு பெரியவர் "என்னடே பெரிய பாம்" என்று செருப்புக் காலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு ஜிப்பைத் திறந்தார். உள்ளே இரண்டு சேலை, ஒரு பிளாஸ்க், ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிச் சீட்டு, கொஞ்சம் மாத்திரை. எல்லாரும் சிரித்துவிட்டுக் கலைந்து போனார்கள். "அண்ணாச்சி, எனக்கு மட்டும் அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. நான் போன் பண்ணியிருக்கணுமா? பண்ணியிருந்தா என்னை ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருப்பாவளா? பாப்பா படிக்கிற ஸ்கூலுக்கும் போன மாசம் மிரட்டல் மெயில் வந்துச்சு. இதையெல்லாம் எப்படி எடுத்துக்கிடணும்?" என்பது அவர் கேள்வி.

நான் பாளையங்கோட்டை ஆயுதப்படையில் வேலைக்குச் சேர்ந்து, பதினோரு வருடம் வெடிகுண்டு கண்டறியும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆமாம் தம்பி, போன் பண்ணியிருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு இல்லை, ஆறரைக்கே. உங்களைப் பிடித்து உட்கார வைத்திருக்க மாட்டார்கள். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், அதற்கும் வருகிறேன். அதற்கு முன்னால் அந்தப் பெரியவரைப் பற்றிப் பேசியாக வேண்டும். இதைப் படித்ததிலிருந்து அவர் கால்தான் என் கண்ணுக்குள்ளே நிற்கிறது.

எங்கள் பிரிவில் சந்தேகப் பொருளுக்குப் பக்கத்தில் போகிறவர் ஒரே ஒருவர்தான். இரண்டு பேர் சேர்ந்து போவதில்லை, போனால் ஒரு உயிரோடு போகட்டும் என்கிற கணக்கு அது. அவர் மாட்டிக்கொள்ளும் கவச உடை முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். சித்திரை வெயிலில், ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நின்று அதை மாட்டிக் கழுத்துப் பட்டையை இறுக்கும்போதே பனியன் பிழிகிற அளவுக்கு நனைந்துவிடும். அவருக்கு முன்னால் நாய் போகும். வெடிமருந்துக்குப் பழக்கிய நாய் குரைக்காது, பிராண்டாது. வாசம் பிடித்ததும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து, தன்னைப் பழக்கிய காவலரின் முகத்தைப் பார்க்கும். பிராண்டினால் பொருள் அசைந்துவிடும் என்பதற்காக மாதக்கணக்கில் அப்படிப் பழக்குகிறோம். நாய்க்கே "தொடாதே" என்று அவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக் கொடுக்கிற இடத்தில், ஒரு மனிதர் செருப்புக் காலால் தள்ளியிருக்கிறார். அவர் துணிச்சல்காரர்தான், சந்தேகமில்லை. ஆனால் சுற்றி நின்ற முப்பது பேருடைய உயிரையும் அவர் ஒருவரே எடுத்துப் பணயம் வைத்தார். அதில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் நின்றிருக்கும்.

இன்னொரு பழக்கமும் நம் பக்கம் உண்டு. சந்தேகமான பொருள் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவது. சண்டைக்காரர்கள் வைத்திருந்த நாட்டு வெடிகுண்டைப் போலீஸ் பிடித்துத் தண்ணீர் வாளிக்குள் போட்டு எடுத்துப் போவதைப் பார்த்துப் பார்த்து வந்த யோசனை இது. அந்த வேலையைச் செய்கிறவருக்கு அது என்ன ரகம் என்று தெரியும். தெரியாத பொருளுக்குத் தண்ணீரும் வேண்டாம், மண்ணும் வேண்டாம், மேலே கவிழ்க்கக் கூடையும் வேண்டாம். அதற்குப் பக்கத்தில் போகிற ஒவ்வொரு அடியும் தப்பு.

சரி, கேட்பாரற்றுக் கிடக்கிற எல்லாப் பைக்கும் போலீசைக் கூப்பிட முடியுமா? நியாயமான கேள்வி. பஸ் ஸ்டாண்டில் ஒரு நாளைக்கு எத்தனை பை, எத்தனை குடை, எத்தனை சாப்பாட்டுத் தூக்கு மறந்து போகிறது என்று உங்களுக்கே தெரியும். பிரிட்டன் போலீஸ் இதற்கு மூன்று கேள்வி வைத்திருக்கிறார்கள், நான் பார்த்ததிலேயே உருப்படியான முறை அதுதான். ஒன்று, அந்தப் பொருளை யாராவது வேண்டுமென்றே மறைத்து வைத்திருக்கிறார்களா? தொலைத்த பை பெஞ்சு மேலேயோ கவுன்டர் முன்னாலேயோ கிடக்கும். வைத்த பை குப்பைத்தொட்டிக்குப் பின்னால், மின்பெட்டி இடுக்கில், கழிப்பறைத் தொட்டிக்கு மேலே இருக்கும். இரண்டு, பார்த்ததுமே உறுத்துகிறதா? வயர், பேட்டரி, டேப் சுற்றிய பொட்டலம், எண்ணெய்க் கறை, விநோதமான நெடி, கடிகாரச் சத்தம் என்று எதுவாகவும் இருக்கலாம். மூன்று, இந்த இடத்தில் வழக்கமாக இருக்காத பொருளா? டவுன் ரத வீதியில் பாத்திரக்கடை வாசலில் பித்தளைக் குடம் இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதே குடம் மூடி போட்டு டேப் ஒட்டி பள்ளிக்கூடக் கேட்டில் இருந்தால் பார்க்கத்தான் வேண்டும். இந்த மூன்றாவது கேள்விக்குப் போலீசைவிட உங்களுக்குத்தான் பதில் நன்றாகத் தெரியும். அந்த பிளாட்பாரத்தில் எது வழக்கம், எது வழக்கமில்லை என்பது பதினைந்து வருடம் அங்கேயே நிற்கிற பழக்கடைக்காரருக்குத் தெரிகிற மாதிரி மாற்றலாகி வந்த காவலருக்குத் தெரியாது.

உங்கள் பையை இந்தக் கேள்விகளில் போட்டுப் பார்த்தால், மறைத்தும் வைக்கவில்லை, உறுத்தலும் இல்லை, பயணி பை பஸ் ஸ்டாண்டில் கிடப்பது வழக்கந்தான். முதல் அரை மணி நேரம் "இது யாரு பை?" என்று நாலு பக்கமும் சத்தமாகக் கேட்டால் போதும். நேரக்காப்பாளர் அறையில் சொல்லி மைக்கில் ஒரு தடவை கூப்பிடச் சொல்லலாம். அப்புறமும் ஆள் வரவில்லையா, போன் பண்ண வேண்டிய நேரம் வந்துவிட்டது. மூன்று மணி நேரம் சும்மா விட்டது தப்பு. மாறாக, மூன்று கேள்வியில் ஒன்றுக்கு "ஆமாம்" என்று வந்தாலும் விசாரித்துக்கொண்டு நிற்கக் கூடாது, விலகிப் போய்ப் போன் போட வேண்டும்.

எவ்வளவு தூரம் விலகுவது? அதே பிரிட்டன் கணக்குப்படி கைப்பை அளவுக்கு 100 மீட்டர், சூட்கேஸ் அல்லது கார் அளவுக்கு 200 மீட்டர், வேன், லாரி என்றால் 400 மீட்டர். மீட்டர் கணக்கு அவசரத்தில் மண்டையில் ஏறாது. ஊருக்குள் கரண்டு கம்பத்துக்குக் கம்பம் சுமார் நாற்பது மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கம்பம் தாண்டினால் 200 மீட்டர். தூரத்தைவிட முக்கியம், அந்தப் பொருள் உங்கள் கண்ணுக்குத் தெரியக் கூடாது. உங்களுக்கு அது தெரிந்தால் அதிலிருந்து கிளம்புகிற துண்டுக்கும் நீங்கள் தெரிகிறீர்கள் என்று என் பயிற்சியாளர் சொல்வார். நிற்கிற பஸ்ஸுக்குப் பின்னால் ஒளியாதீர்கள், கண்ணாடிக் கடை முன்னால் நிற்காதீர்கள். வெடிப்பில் நிறையப் பேரைக் காயப்படுத்துவது உடைந்து பறக்கிற கண்ணாடி. கான்கிரீட் கட்டடத்தின் மறுபக்கம், சன்னல் இல்லாத சுவர் என்றால் நல்லது. 15 மீட்டருக்குள் நின்று செல்போன் பேசக் கூடாது என்பதும் விதி. அதனால் முதலில் நகருங்கள், பிறகு பேசுங்கள். போட்டோ எடுக்கவும் கிட்டே போக வேண்டாம்.

இப்போது போன். 112 அடித்தால் போதும், 100-ம் வேலை செய்கிறது. ரயிலிலோ ஸ்டேஷனிலோ இருந்தால் 139. போன் பண்ணுகிற நிறையப் பேர் இப்படித்தான் பேசுவார்கள்: "சார், இங்க ஒருத்தன் பாம் வச்சிட்டுப் போயிட்டான், சீக்கிரம் வாங்க." எங்கே என்றால் "பஸ் ஸ்டாண்டுல". எந்த பஸ் ஸ்டாண்டு? "திருநெல்வேலி". ஜங்ஷனிலா, பாளையிலா, வேய்ந்தான்குளத்திலா என்று கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறவர் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுப்பதற்குள் இரண்டு நிமிடம் போய்விடும். யார் வைத்தது, பார்த்தீர்களா என்றால் "பாக்கல சார், எல்லாரும் சொல்றாங்க" என்று முடியும்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டு. நாகர்கோவில் பஸ் நிற்கிற பிளாட்பாரம், கடைசி பெஞ்சுக்கு அடியில். கறுப்பு டிராவல் பை, ஒன்றரை அடி நீளம் இருக்கும். ஆறு மணியிலிருந்து கிடக்கிறது. விட்டுப் போனவரை நான் பார்க்கவில்லை. யாரும் தொடவில்லை. பக்கத்தில் இருபது முப்பது பேர் இருக்கிறார்கள். நான் பழக்கடைக்காரன், பச்சைச் சட்டை, வெளிவாசல் பக்கம் நிற்கிறேன், இந்த நம்பருக்கே கூப்பிடலாம்." முதல் வார்த்தை இடமாக இருக்கட்டும். லைன் அறுந்து போனாலும் வண்டி கிளம்பிவிடும். இதில் "பாம்" என்கிற சொல்லே இல்லை, கவனித்தீர்களா? நான் திரும்பத் திரும்பச் சொல்ல வருவது இதைத்தான். கண்டதைச் சொல்லுங்கள், நினைத்ததை விட்டுவிடுங்கள். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்வதும் தகவல்தான். முடிவுக்கு வருகிற வேலைக்கு ஆட்கள் இருக்கிறார்கள், அதற்குத்தான் சம்பளம் வாங்கினோம்.

"மாநகர எல்லையா, ரூரலா" என்று நீங்கள் குழம்பவும் வேண்டாம். திருநெல்வேலிக்கு மாநகரக் காவல் தனி, மாவட்டக் காவல் தனி. எங்கள் ஆட்களே அந்தக் கோடு எங்கே போகிறது என்று சில தெருக்களில் தடுமாறுவார்கள். 112-க்குச் சொன்னால் யாருடைய எல்லை என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நேரில் ஸ்டேஷனுக்குப் போய் ஒரு குற்றத்தைப் பற்றிப் புகார் தந்தாலும், எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. எங்கே நடந்திருந்தாலும் பதிந்துகொண்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு சொல்கிறது.

இனி அந்தப் பயம். இதை நான் மழுப்பப் போவதில்லை. நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு ஸ்டேஷனில், கல் குவாரிப் பாதையோரம் ஜெலட்டின் குச்சி கிடக்கிறது என்று சொல்ல வந்த ஆடு மேய்க்கிற பெரியவரைச் சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்து, "உனக்கு எப்படித் தெரியும், நீ எதுக்கு அங்க போனே" என்று கேட்டதைப் பார்த்திருக்கிறேன். கிடந்ததை எடுக்க நாங்கள் போனபோது எங்களுக்கு வழி காட்டினதும் அவர்தான். திரும்பி வரும்போது, "இனி எதைப் பாத்தாலும் பாக்காத மாதிரி போயிருவேன் ஐயா" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. அந்த ஒரு பெஞ்சு அந்த ஊர் முழுக்க எத்தனை வாயை அடைத்திருக்கும்! காக்கிச் சட்டை போட்ட தம்பி தங்கைகள் இதைப் படித்தால், தகவல் சொல்ல வருகிறவருக்கு ஒரு நாற்காலியும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுங்கள், கேட்டு எழுதிக்கொண்டு பத்து நிமிடத்தில் அனுப்பி வையுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பொய் என்று தெரிந்தே அரசு ஊழியருக்குத் தகவல் தருவதுதான் குற்றம், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 217-வது பிரிவு அது. நல்லெண்ணத்தோடு சொல்லி, பைக்குள் சேலை இருந்தால் அதில் உங்கள் மேல் ஒரு குற்றமும் கிடையாது. குற்றம் பற்றிய தகவல் யாரிடமிருந்து வந்தது என்று சொல்லும்படி போலீஸ் அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்று சாட்சியச் சட்டத்திலேயே இருக்கிறது. பழைய சட்டத்தில் 125, இப்போதைய பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் 131. "என் பெயர் வெளியே வர வேண்டாம்" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லத் தயங்காதீர்கள், அது உங்கள் உரிமை.

பாப்பா பள்ளிக்கூடத்து மெயிலுக்கு வருகிறேன். 2024 பிப்ரவரி 8-ஆம் தேதி சென்னையில் ஒரே நாளில் 13 தனியார் பள்ளிகளுக்கு இப்படி மெயில் வந்தது. அதே ஆண்டு மே 1-ஆம் தேதி டெல்லிப் பகுதியில் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு வந்தது. எல்லாம் வெறும் மிரட்டல். டிசம்பரில் வந்த சில மிரட்டல்களை, பரீட்சையைத் தள்ளிப்போட வேண்டி மாணவர்களே அனுப்பியதாக டெல்லி போலீஸ் கண்டுபிடித்தார்கள். இதையெல்லாம் கேட்டால் "நூற்றில் நூறும் பொய்தானே, எதற்குப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்த வேண்டும்" என்று தோன்றும். 1984 ஆகஸ்ட் 2-ஆம் தேதி இரவு சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் முன்கூட்டியே போன் வந்தது, பெட்டியில் குண்டு இருக்கிறது என்று. எச்சரிக்கை கிடைத்தும் பெட்டிகளை அப்புறப்படுத்துவதில் நேரம் போயிற்று. வெடித்ததில் 33 பேர் செத்தார்கள். அந்த ஒரு இரவை நினைத்துத்தான் ஒவ்வொரு பொய் மிரட்டலுக்கும் நாங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கினோம். ஒரு தடவைகூட அலுத்துக்கொண்டதில்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஒரு அறையையும் பார்க்காமல் விட்டதில்லை.

பள்ளி அலுவலகத்தில் போன் எடுக்கிறவருக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் உண்டு. மிரட்டல் போன் வந்தால் பதறிப்போய் வைத்துவிடாதீர்கள். பேச விடுங்கள், அவன் பேசப் பேசத்தான் நமக்கு ஆதாயம். எங்கே இருக்கிறது, எப்போது வெடிக்கும், பார்க்க எப்படி இருக்கும், எதற்காக வைத்தாய் என்று வரிசையாகக் கேளுங்கள். பாதிக்குப் பாதி பேர் பதில் சொல்லித் தொலைப்பார்கள். அவன் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள், நாகரிகப்படுத்தி எழுத வேண்டாம். ஆண் குரலா, சின்னப் பையன் குரலா, நம் ஊர்ப் பேச்சா, மதுரைப் பக்கமா, படித்துச் சொல்கிற மாதிரி இருந்ததா, பின்னால் பஸ் ஹாரனா, கோயில் மணியா, மாவு மில் சத்தமா என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினால் அவர் 112-க்குப் பேசிவிடுவார். மெயில் என்றால் அழிக்காதீர்கள், பதில் போடாதீர்கள், வாத்தியார்கள் குரூப்பில் தள்ளிவிடாதீர்கள். மெயிலோடு மறைவாக வருகிற 'ஹெட்டர்' பகுதியில்தான் அது வந்த தடம் இருக்கிறது. ஸ்க்ரீன்ஷாட்டில் அது கிடைக்காது.

பிள்ளைகளை வெளியே கூட்டி வருகிறபோது கையோடு இருக்கிற பையை எடுத்து வரலாம், தேடுகிறவர்களுக்கு வேலை குறையும். மேலே விட்டுவந்த டிபன் பாக்ஸை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. நிறுத்தப் போகிற மைதானத்தை முதலில் இரண்டு பேர் சுற்றிப் பார்த்துவிட வேண்டும், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தவே வேண்டாம். பெற்றோர்களே, உங்களிடம் ஒரு கெஞ்சல். செய்தி வந்ததும் ஆளுக்கொரு பைக்கில் கேட்டை நோக்கிப் பாயாதீர்கள். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடங்கள் எவ்வளவு நெருக்கி நெருக்கி இருக்கின்றன என்று தெரியும். அந்தத் தெருக்களில் ஐந்நூறு பைக் நின்றால் எங்கள் வண்டியும் உள்ளே வராது, 108-ம் வராது. பள்ளி கூப்பிடுகிற வரைக்கும் வீட்டில் இருப்பது கல்மனசு இல்லை, அதுதான் பிள்ளைக்குச் செய்கிற உதவி.

விளையாட்டுக்கு மிரட்டல் விடுகிற பையன்களுக்கும் தெரியட்டும். பெயரை மறைத்து மிரட்டினால் மற்ற தண்டனையோடு கூடுதலாக இரண்டு ஆண்டு வரை போகலாம், பீதி கிளப்பும் பொய்த் தகவலைப் பரப்பினால் மூன்று ஆண்டு வரை.

வாட்ஸ்அப் வதந்தியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2019 ஏப்ரல் 21-ஆம் தேதி இலங்கையில் ஈஸ்டர் குண்டுவெடிப்பு நடந்தது. ஐந்தே நாளில், ராமநாதபுரத்தில் 19 பயங்கரவாதிகள் இருக்கிறார்கள், ரயில்களில் குண்டு வைக்கப் போகிறார்கள் என்று பெங்களூரு போலீசுக்கு ஒரு போன். தமிழ்நாடு, கேரளா என்று தென் மாநிலங்கள் பூராவும் உஷார்படுத்தப்பட்டன. விசாரித்தால் ஒரு லாரி டிரைவர் கிளப்பிய புரளி. அதை உண்மை என்று நம்பி அன்றைக்கு எத்தனை பேர் எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பார்கள்! அதற்கு முந்தைய வருடம், 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த அறுபத்தைந்து வயது அம்மாவைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று நினைத்து ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. அவர் செய்தது குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான். அதற்கும் வேர் வாட்ஸ்அப்பில் சுற்றிய பொய்தான். போலீசுக்குச் சொல்ல வேண்டியதை குரூப்பில் போட்டால் இதுதான் நடக்கும். உங்களுக்கு வந்த செய்தி உண்மையாக இருக்குமோ என்று பயம் இருந்தால் 112-க்குச் சொல்லுங்கள், பத்து குரூப்புக்கு அனுப்பாதீர்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்கிறேன். தாடி, தொப்பி, புர்கா, இந்தி பேசுகிற கூலித் தொழிலாளி, மேலப்பாளையத்து விலாசம் இவற்றில் எதுவும் தகவல் ஆகாது. "ஒரு பாய் பையோட போனாரு" என்று வருகிற போனை வைத்து எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த மனிதருக்கு அவமானம், எங்களுக்கு வெட்டி வேலை. நாளைக்கு மேலப்பாளையத்தில் ஒருவர் உண்மையிலேயே உறுத்தலான ஒன்றைப் பார்த்தால் எங்களை நம்பிப் போன் போட வேண்டுமே, அந்த நம்பிக்கையும் போய்விடும். நடத்தையைச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் மூன்று நாளாக வந்து நுழைவாயிலையும் கேமராவையும் படம் எடுத்தார், காவலர் மாறுகிற நேரத்தை விசாரித்தார், பையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்து வேறு வண்டியில் ஏறினார், விவசாயமே இல்லாதவர் உரக்கடையில் மூட்டை மூட்டையாக ரொக்கத்துக்குக் கேட்டார், எதற்கு என்றால் தடுமாறினார். இப்படிச் சொன்னால் அந்த ஆள் எந்தத் தெருக்காரராக இருந்தாலும் எங்களுக்கு அது பயன்படும்.

நம் மாவட்டத்தில் இதற்கு வேலை அதிகம் என்பதையும் யோசித்துப் பாருங்கள். கூடங்குளத்தில் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன், எல்லாம் இங்கேதான். வேலியைச் சுற்றி மத்தியப் படை இருக்கிறது, வேலிக்கு வெளியே இருப்பது உவரி, இடிந்தகரை, கூத்தன்குழி, பெருமணல் ஜனங்கள்தான். 2008 நவம்பர் 26-ஆம் தேதி மும்பையில் 166 பேரைக் கொன்றவர்கள் கடல் வழியாக, ஒரு மீன்பிடிப் படகைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கொலாபாவில் கரையேறியபோது அவர்களை முதலில் பார்த்தது மீனவர்கள்தான். யார் நீங்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்கவும் செய்தார்கள். அதற்குப் பிறகுதான் கடலோரப் பாதுகாப்பு இவ்வளவு இறுகியது. 'சாகர் கவச்' என்று ஒத்திகை நடத்தும்போது போலீசாரே பயங்கரவாதி வேடத்தில் படகில் வந்து இறங்கப் பார்ப்பார்கள், கடற்கரை ஊர்க்காரர்கள் கண்ணில் மண்ணைத் தூவுவது எங்களுக்குச் சாமான்யமாக இருந்ததில்லை. எந்தப் படகு எந்தத் துறைப் படகு என்று என்ஜின் சத்தத்திலேயே சொல்லிவிடுகிற மனிதர்கள் அவர்கள். கடலில் பதிவெண் இல்லாத படகு, நம் துறைக்காரர் இல்லாத ஆள், நடுராத்திரி விளக்கில்லாமல் நிற்கிற படகு என்று கண்டால் 1093, அது கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண். ஆபத்தில் இருந்தால் கடலோரக் காவல்படைக்கு 1554. கரை ஒதுங்குகிற உருளை, வலையில் சிக்குகிற உலோகப் பொருள் எதையும் இரும்பு விலைக்கு ஆகும் என்று வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். கடலில் எரிகிற சமிக்ஞை உருளைகள் சில காய்ந்த பிறகு தானாகவே தீப்பிடிக்கும்.

மேற்கே போனால் குவாரி. ஜெலட்டின் குச்சி, அதை வெடிக்க வைக்கிற கேப்பு, பன்றிக்கு வைக்கிற வெடி எல்லாம் வயலோரத்தில் கிடைப்பது உண்டு. பிள்ளைகள் பளபளப்பைப் பார்த்து எடுத்து விளையாடி விரல் போன கதை நம் பக்கத்து ஊர்களில் கேட்காத ஊர் குறைவு. பார்த்த இடத்தில் ஒரு ஆளைத் தூரத்தில் நிறுத்திவிட்டு 112.

நடந்தே விட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 1998 பிப்ரவரி 14-ஆம் தேதி கோயம்புத்தூரில் ஒரே பிற்பகலில் பல இடங்களில் அடுத்தடுத்து வெடித்தது. 58 பேர் இறந்தார்கள். வெடிக்காமல் கிடந்தவற்றைத் தேடி எடுக்க அதற்குப் பிறகும் நாட்கள் ஆயின. 2014 மே 1-ஆம் தேதி சென்னை சென்ட்ரலில் குவாஹாட்டி ரயிலிலும் ஒன்று இல்லை, அடுத்தடுத்த பெட்டிகளில் இரண்டு வெடித்தன. அதனால் சத்தம் கேட்ட திசைக்கு வேடிக்கை பார்க்க ஓடாதீர்கள். துப்பாக்கியோடு ஆள் இருக்கிறான், உங்களால் ஓடவும் முடியவில்லை என்றால் ஷட்டரை இழுத்து, விளக்கை அணைத்து, போனைச் சத்தமில்லாமல் வைத்து உள்ளே இருங்கள். காயம்பட்டவரிடம் போக முடிகிறது என்றால் முதல் வேலை ரத்தத்தை நிறுத்துவது. துண்டோ வேட்டியோ எது கிடைக்கிறதோ அதைச் சுருட்டிக் காயத்தின் மேல் வைத்து உங்கள் எடை முழுக்க இறக்கி அழுத்துங்கள். எட்டிப் பார்க்க எடுத்து எடுத்து வைக்க வேண்டாம். குத்தி நிற்கிற கம்பியைப் பிடுங்காதீர்கள்.

ஆனித் தேரோட்டம் போன்ற கூட்டத்தில் எனக்குக் குண்டைவிட "குண்டு" என்கிற கத்தல்தான் பயம். நான்கு ரத வீதியிலும் ஜனம் நிற்கும்போது ஒருவர் கத்தினால் நெரிசலிலேயே சாவு விழும். அங்கே எதைக் கண்டாலும் பக்கத்துக் காவலர் காதில் போய்ச் சொல்லுங்கள். கையைப் பிடித்துக் குழந்தைகளை நடத்திக்கொண்டு போங்கள், ஓடாதீர்கள்.

கடைசியாக ஒரு காரியம் தம்பி. அந்தப் பையை யார் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஐகிரவுண்டு சீட்டில் நோயாளி எண் இருக்கும். பையை அந்தச் சீட்டோடு பஸ் ஸ்டாண்டு டியூட்டி போலீசிடம் கொடுத்துவிட்டு, எண்ணைச் சொல்லி ஆஸ்பத்திரி புற நோயாளிப் பிரிவிலும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். உள்ளே மாத்திரை இருந்தது என்றீர்கள். அந்த அம்மா அது இல்லாமல் எத்தனை நாளாக இருக்கிறார்களோ.